புறங்கை அடி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதிய கடிதத்தில், கல்லூரியிற் கற்றவற்றுள் இன்றும் தங்களோடு இருப்பது யாது என்றொரு வினாவையும் சேர்த்திருந்தனர். நேர்மையாக விடையிறுப்பதானால் சிறிது வெட்கத்தோடுதான் விடையிறுக்க வேண்டியிருக்கிறது. நன்னூற் சூத்திரங்களை மனனஞ் செய்தேன், பெரும்பாலானவை போய்விட்டன. கேத்திரகணிதத் தேற்றங்களிற் பாதியும், இங்கிலாந்துச் சரித்திரத்து அரசர் வரிசை முழுவதும் போன இடந் தெரியவில்லை. போகாமல் நிற்பது ரெனிஸ் ஆட்டத்தின் ஓர் அடி. அதைக் கற்க எனக்கு ஐந்து ஆண்டுகள் சென்றன. கற்றபின் ஒரு நாள், ஒரே ஒரு பந்துக்கு, அதைக் கைவிட்டேன். அந்தக் கைவிடலால் நேர்ந்ததை வாய் திறந்து சொல்ல மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன.

அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் எழுதுவதற்கு என்னினும் தகுதியுடையோர் பலர் இருக்கின்றனர். ஆகவே நான் விளையாட்டுத் திடலின் வடகிழக்கு மூலையோடு நின்றுவிடுகிறேன்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ரெனிஸ் தரை 78 அடி நீளமுடையது. ஒற்றையர் ஆட்டத்துக்கு 27 அடியும் இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடியும் அகலம். நடுவே மூன்றடி உயரத்தில் தொய்ந்து நிற்கும் வலை. பந்து இரண்டு அவுன்சு நிறைதான். வலக்கையால் ஆடுபவனுக்கு வலப்பக்கத்தில் வரும் பந்தை அடிப்பது இயல்பாக வரும், குழந்தைகூட அடித்துவிடும். இடப்பக்கத்தில் வருவதுதான் தொல்லை. அதை அடிக்கும்போது கை மார்பைக் கடந்து சென்று திரும்ப வேண்டும். மட்டைக்குப் பின்னால் உள்ளங்கையின் தாங்கல் இராது. பந்தை நோக்கி நிற்பது புறங்கையே. ஆங்கிலேயர் இதைப் பாக்ஹாண்ட் என்பர். விடுதியில் நாங்கள் ‘புறங்கை’ என்றே சொல்லிவந்தோம்.

நான் பிறந்த ஊர் பெரியநீலாவணை. கல்முனைக்கு வடக்கே, கிழக்கில் கடலும் மேற்கில் வாவியுமாக நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர். கவிஞர் நீலாவணன் பிறந்த ஊர் என்று சொன்னால் இலக்கியம் படித்தவர்கள் அறிவார்கள். தெற்கே அடுத்த ஊர் மருதமுனை. தறிச் சத்தத்தை வைத்தே அந்த ஊரின் எல்லை தொடங்கிவிட்டதை அறியலாம். 1960ஆம் ஆண்டு தைமாதம், பன்னிரண்டு வயதில், தகரப் பெட்டியுடன் நம் கல்லூரி விடுதிக்கு வந்தேன். ரெனிஸ் மட்டையை அதுவரை கண்ணாற் கண்டதில்லை.

அந்த ஆண்டு ஆடி மாதத்தில் விடுதியின் அறிவித்தற் பலகையில் யாரோ ஒரு மூத்த மாணவர் பத்திரிகைத் துண்டொன்றை ஒட்டியிருந்தார். ராமநாதன் கிருஷ்ணன் என்ற தமிழர் விம்பிள்டன் ஆட்டத்தில் அரையிறுதிக்கு வந்துவிட்டார் என்பது செய்தி. நாகர்கோவிலிற் பிறந்தவர், தாமே சிறந்த ஆட்டக்காரராக விளங்கிய தந்தையிடம் பயின்றவர், 1954இல் அதே விம்பிள்டனில் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். அரையிறுதியில் அவுஸ்திரேலியரான நீல் பிரேசரிடம் தோற்றார். பிரேசரே அந்த ஆண்டின் வெற்றியாளர். அடுத்த ஆண்டு மறுபடியும் அரையிறுதி. இம்முறை கால் இறுதியில் ரோய் எமர்சனை ஒரு செற்றும் விட்டுக்கொடாமல் வென்றிருந்தார். பின்னர் ரொட் லேவரிடம் தோற்றார். அந்த ஆண்டுப் பட்டம் லேவருக்குப் போயிற்று. ஆக, இரு முறையும் பட்டம் பெற்றவர்களாலேயே நிறுத்தப்பட்டார். எங்களுக்கு அது தோல்வியாகவே படவில்லை.

கிருஷ்ணன் பலசாலி அல்லர். அவருடைய முதல் வீச்சு மென்மையானது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. பந்தை எங்கே வைக்கவேண்டும் என்று அறிந்து வைத்தார், அவ்வளவுதான். மெலிந்த கைகளையுடைய நாங்கள் அந்த ‘அவ்வளவுதான்’ என்பதைப் பிடித்துக்கொண்டோம். அதற்குள் எத்தனை ஆயிரம் நாள் அப்பியாசம் அடங்கியிருந்தது என்பதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

புற்றுமண்ணும் களியும் கலந்து அடித்த தரை நம்முடையது. மழை பெய்தால் இரண்டு நாள் ஆட்டம் இல்லை. வெயில் எரித்தால் வெடிப்பு. மட்டைகள் மரத்தாலானவை. ஈரத்தில் வளைந்து போகாதபடி நான்கு மூலையும் திருகாணியிட்ட மரச் சட்டத்துள் அவற்றைப் பூட்டி வைப்போம். நரம்பு அறுந்தால் புதிது கட்டுவதற்குக் காசில்லை; முடிச்சுப் போட்டு ஆடுவோம். விளையாட்டுக்குப் பொறுப்பாயிருந்தவர் கணித ஆசிரியர் ஒருவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, சாய்ந்த பாவனையில் ஆடுவார். வியர்ப்பது குறைவு. எதிரே நின்ற நாங்கள் நனைந்து போவோம்.

ஓடுவதில் நான் வல்லவன். ஆகவே இடப்பக்கம் வரும் பந்துகளை எல்லாம் சுற்றி ஓடி வலப்பக்கமாக்கி அடித்துவிடுவேன். இரண்டு ஆண்டுகள் இந்தத் தந்திரத்தால் சமாளித்தேன். ஒரு நாள் ஆசிரியர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, உமது வீட்டுக்கு வாசல் ஒன்றுதானா?”

“இல்லை, சேர்.”

“இடப்பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டு வலப்பக்க வாசலில் காவல் நிற்கிறீர். கள்வன் எங்கே வருவான்?”

அன்று தொடங்கி மூன்று மாத காலத்துக்கு வலப்பக்கப் பந்து எதனையும் நான் அடிக்கலாகாது என்று விதித்தார். விடுதிச் சமையலறையின் பின்சுவரே என் எதிராளி. அந்தச் சுவரிடம் நான் தோற்ற கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது ஒரு நன்மை.

அவர் கற்பித்த முறையை இன்றும் படிப்படியாகச் சொல்ல முடியும். மட்டையின் பிடி எட்டுப் பட்டைகள் கொண்டது. வலப்பக்க அடிக்கு உள்ளங்கை பிடியின் பக்கவாட்டில் இருக்கும். புறங்கைக்கு அதை மாற்றி, சுட்டுவிரலின் அடிமுட்டு மேற்பட்டையின்மேல் வந்து அமரும்படி பிடிக்க வேண்டும். மாற்றுவது வலக்கை அன்று. மட்டையின் கழுத்தைத் தாங்கி நிற்கும் இடக்கையே மட்டையைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒற்றைக் கை அடி என்று பெயரே தவிர, பந்து வரும்வரை அது இரு கை வேலைதான். இதை அறியாமல் இடக்கையைத் தொங்கவிட்டு அடிக்கும் பிள்ளைகளை இன்றும் காண்கிறேன்.

பந்து எதிராளியின் மட்டையை விட்டுப் புறப்பட்ட கணமே தோள்கள் திரும்பிவிட வேண்டும். எவ்வளவு என்றால், எதிரே நிற்பவனுக்கு நம் வலந்தோளின் பின்புறம் தெரியும் அளவுக்கு. மோவாய் வலந்தோளைத் தொடும். வலக்கால் முன்னே போய் நிலத்தில் ஊன்ற, உடம்பின் பாரம் அதன்மேல் ஏறியபின்னரே மட்டை புறப்படும். பந்தைச் சந்திக்கும் இடம் உடம்புக்கு நேரே அன்று. ஊன்றிய காலுக்கும் ஓரடி முன்னாலே. கை அப்போது நீண்டு நேராக இருக்கும், மணிக்கட்டு அசையாது. பந்து இடுப்பளவில் இருந்தால் இன்பம், தோளுக்கு மேலானால் துன்பம். ஏனெனில் அந்த உயரத்தில் புறங்கைக்குத் தள்ளும் வலு இல்லை.

பின்பு, அடி இரு வகை. பந்துக்குக் கீழே மட்டையை இறக்கி, கீழிருந்து மேலாக வீசினால் பந்து முன்னோக்கி உருண்டு வலையைத் தாண்டியபின் தலை குனிந்து விழும். லேவர் அடித்தது அது. மேலிருந்து கீழாக, மட்டையின் முகத்தைச் சற்றே வானம் பார்க்கத் திறந்து, பந்தின் அடியைச் சீவினால் அது மிதந்து போய்த் தரையில் எழும்பாமல் வழுக்கும். கென் றோஸ்வோல் என்ற சிறிய மனிதர் இந்தச் சீவலை வைத்துக்கொண்டே இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகை ஆட்டிப் படைத்தார். எங்கள் ஆசிரியர் சீவற் கட்சி. நான் மற்றக் கட்சியைச் சேர விரும்பினேன், விரும்பியதோடு சரி.

சொல்லியவை அனைத்தும் எனக்குப் பாடமாயின. அடி மட்டும் வரவில்லை. முழங்கையை முன்னே நீட்டி, மணிக்கட்டால் பந்தைத் தள்ளினேன். அது ஈயை விரட்டுவது போல் இருந்தது என்று சக மாணவர்கள் சொன்னார்கள்; உண்மையும் அதுவே.

அந்த அடி எனக்கு வந்தது திடலில் அன்று, வாவியோரத்தில். தவணை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி விடியற்புறத்தில் வீச்சுவலை எறியப் போவார். நானும் கூடப் போனேன். வலையைத் தா என்று கேட்டு வாங்கி எறிந்தேன். அது விரியாமல் ஒரு மூட்டையாய்ப் போய்த் ‘தொப்’பென விழுந்தது. மீன்கள் மட்டுமன்றிக் கொக்குகளும் போய்விட்டன.

“கையால எறியப் பாக்கிறாய், மருமகன்,” என்றார் மாமா. “கை என்னத்துக்கு? இடுப்பத் திருப்பு, தோள் வரும். தோள் வந்தா வலை தானா விரியும்.”

அவர் நின்ற நிலையை அன்றுதான் பார்த்தேன். நீரைப் பார்த்து நிற்கவில்லை. நீருக்குப் பக்கம் காட்டி நின்றார். இடந்தோட் பக்கமாக உடம்பை முறுக்கி, வலையின் ஈயக்குண்டு விளிம்பைத் தாழ்த்திப் பிடித்து, கண்ணை மட்டும் மீன் கலங்கிய இடத்தில் வைத்திருந்தார். முறுக்கு அவிழ்ந்தது. கை எல்லாவற்றுக்கும் கடைசியில், ஏதோ அழைக்கப்பட்டது போல, நீண்டது. வட்டம் ஒன்று வாவியின்மேல் விரிந்து அமர்ந்தது. முப்பது முறை எறிந்தபின் என் கையிலும் அந்த வட்டம் கோணலாக ஒருமுறை விரிந்தது. அன்று பிடித்த மீனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கல்லூரிக்குத் திரும்பிச் சுவரின் முன் நின்று வலை எறிவதாக எண்ணி அடித்தேன். பந்து சுவரில் பட்ட ஓசையே வேறாக இருந்தது. ஆசிரியரிடம் மூச்சிரைக்க ஓடிச் சொன்னேன். அவர் இரண்டு அடிகளைப் பார்த்துவிட்டு, “வலைக்கு முழுவதும் திரும்பலாம், பந்துக்குப் பாதியில் நில்லும்” என்றார். அதாவது, பந்தைச் சந்திக்கும் வேளையிலே மார்பு வலையை நோக்கித் திறந்துவிடலாகாது. பக்கம் காட்டியபடியே இருக்கவேண்டும். அதற்காக இடக்கையைப் பின்னோக்கி விரிக்கச் சொன்னார். வலக்கை முன்னே போகும்போது இடக்கை பின்னே போனால் தோள் தன் இடத்தில் நிற்கும். இந்தத் திருத்தத்துக்கு மேலும் ஓராண்டு சென்றது.

இனி அந்த ஒரு பந்தின் கதை. 1965ஆம் ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்களில் இரட்டையர் இறுதிக்கு வந்திருந்தோம். என் கூட்டாளி மருதமுனை நண்பர், நெசவுக் குடும்பத்தவர். ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவோம். நோன்பு மாதத்திலும் மாலையில் என்னோடு சுவரடிக்கு வந்து, தாம் ஆடாமல், நான் தவறவிட்ட பந்துகளைப் பொறுக்கித் தந்தவர். அவர் வலப்பாதியைக் காத்தார், நான் இடப்பாதியை. என் புறங்கை தேறிவிட்டது என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

மூன்றாம் செற்றின் முடிவில், எதிராளிகள் ஒரு புள்ளி பெற்றால் ஆட்டம் அவர்களுக்கு. பந்து என் இடக்கோட்டை நோக்கி வந்தது. வேகமும் இல்லை, உயரமும் இல்லை. ஆயிரம் முறை சுவரில் அடித்த பந்து. தோளைத் திருப்பினால் போதும். ஆனால் என் கால்கள் பழைய வழியிற் புறப்பட்டுவிட்டன. தரைக்கு வெளியே சுற்றி ஓடி, வலப்பக்கமாக்கி, பலமாகவே அடித்தேன். பந்து வலையைத் தாண்டியும் போயிற்று. ஆயினும் நான் அப்போது தரைக்கு வெளியே நின்றேன். நடுவெல்லாம் வெறுமை. எதிராளி அந்த வெறுமையில் மெல்ல வைத்தான். நண்பர் பாய்ந்து, நுனி மட்டையால் தொட்டு, வலையில் அடித்தார்.

பார்த்தவர் கண்ணுக்குப் பிழை அவருடையது. நான் அத்தனை பேர் முன்னிலையிலும், “நடுவை ஏன் விட்டாய்? உன்னால்தான் போனது” என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பந்தை எடுத்து, வழக்கம் போலவே என்னிடம் நீட்டினார். ஆசிரியர் என் அருகில் வந்து, என் மட்டையை வாங்கிச் சட்டத்துள் வைத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கித் தந்தார். அவரும் பேசவில்லை. அவர் ஏசியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்று பஸ்ஸில் வேறு வேறு ஆசனங்களில் இருந்தோம். பரீட்சை வந்தது, கல்லூரியை விட்டோம். அவர் தறிக்குப் போனார். நான் அரசாங்க எழுதுவினைஞனாகி ஊரூராய் மாற்றலாகினேன். நடுவில் இரண்டு மைலும் இல்லாத இரு ஊர்களில் பிறந்த நாங்கள் ஒருவரையொருவர் காணாமலே வாழக் கற்றுக்கொண்டோம். பின்வந்த காலங்களில் அப்படிக் காணாதிருப்பதற்கு வேறு காரணங்களும் எங்கள் கரையோரத்தில் மலிந்தன. ஆனால் எங்கள் காரணம் அவற்றுக்கெல்லாம் முந்தியது, அற்பமானது, முழுவதும் என்னுடையது.

1966இன் பிற்பகுதியில் கல்கத்தாவில் கிருஷ்ணன் பிரேசில் நாட்டுத் தோமஸ் கொக்கோடு ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்தேன். டேவிஸ் கிண்ண இறுதிக்குப் போவது எந்த நாடு என்பது அந்த ஓர் ஆட்டத்தில் நின்றது. கொக் இரண்டுக்கு ஒன்று என்று செற்களில் முந்தி, நாலாம் செற்றிலும் ஐந்துக்கு இரண்டு என்று நின்றார். அங்கிருந்து கிருஷ்ணன் அந்த செற்றையும் அடுத்ததையும் எடுத்தார். இந்தியா முதன்முறையாக இறுதிக்குப் போய், மெல்பேணில் அவுஸ்திரேலியாவிடம் தோற்றது. ஆயினும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முக்கர்ஜியும் நியூகோம், றோச் ஆகிய பெரும் இணையை இரட்டையரில் வென்றனர். மற்றவர்கள் மகிழ்ந்து வாசித்த செய்தியை நான் வேறு மாதிரி வாசித்தேன். இரண்டுக்கு ஐந்து என்று நிற்கையில் அந்த மனிதர் தம் இடப்பக்கத்தைச் சுற்றி ஓடியிருப்பாரா என்பதே என் வினாவாக இருந்தது.

இதன் பின் ஆட்டமே மாறிவிட்டது. இடப்பக்கப் பந்தை இரு கையாலும் அடிப்பது புதிதன்று. 1930களிலேயே அவுஸ்திரேலியரான விவியன் மக்ராத்தும் ஜோன் புறொம்விச்சும் அப்படி ஆடினர். அப்போது அதை விநோதமாகவே கருதினார்கள். 1970களில் ஜிம்மி கொனர்ஸ், பியோன் போர்க், கிறிஸ் எவர்ட் ஆகியோர் இரு கையாலும் அடித்துப் பட்டங்களைக் குவித்தபின் விநோதம் முறையாகிவிட்டது. மர மட்டையின் முகம் எழுபது சதுர அங்குலத்துக்குள் அடங்கியது, இன்றைய மட்டைகள் நூறு அங்குலத்தைத் தொடுகின்றன, எடையும் குறைவு. பந்தை மேல்நோக்கிச் சுழற்றி அடிக்க அவை வசதியானவை. சுழன்று வரும் பந்து தரையில் பட்டுத் தோளுக்கு மேல் எழும்புகிறது. எழும்பிய பந்துதான் ஒற்றைப் புறங்கைக்குப் பகை என்று முன்னர்ச் சொன்னேன். இரு கையாளனுக்கோ இடக்கை பின்னின்று தள்ளுகிறது. உண்மையில் அது இடக்கையால் அடிக்கும் உள்ளங்கை அடியே.

ரபேல் நடால் என்ற இடக்கையாளர் ரொஜர் பெடரரை ஆண்டுக்கணக்கில் வருத்தியது இந்த ஒரே வழியால். உயரச் சுழலும் பந்தைப் பெடரரின் புறங்கைக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். பெடரர் 2014இல் தம் மட்டையின் முகத்தைத் தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றேழு சதுர அங்குலமாகப் பெருக்கினார். 2017ஆம் ஆண்டு மெல்பேண் இறுதியாட்டத்தில், முப்பத்தைந்து வயதில், எழும்பும் முன்பே பந்தைச் சந்தித்து அதே புறங்கையால் அடித்து நடாலை ஐந்து செற்களில் வென்றார். அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் பார்த்தபோது என் தோள் தானே திரும்பியதைக் கண்டு வீட்டார் சிரித்தனர். 2024 பெப்ரவரியில், கணினித் தரவரிசை ஏற்பட்ட 1973இன் பின் முதன்முறையாக, ஆடவர் முதற்பத்துப் பேருள் ஒற்றைக் கைப் புறங்கையாளர் ஒருவர்கூட இல்லாது போயினர். பின்னர் சிலர் மீண்டும் உள்ளே வந்தனர். வந்தாலும், அவர்கள் சிறுபான்மையினரே.

பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது என்று என்னைக் கேட்பவர்களுக்கு, தயங்காமல், இரு கையையே கற்பியுங்கள் என்கிறேன். பத்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டுக்கு ஒற்றைக் கை பெரும் பாரம். பிழையாகக் கற்றால் முழங்கையையும் கெடுக்கும். நாற்பது வயதில் ஓய்வு நாள் ஆட்டத்தில் முழங்கையை முன்னே நீட்டிப் பந்துகளைப் பிந்திச் சந்தித்ததன் பலனாக ஆறு மாதம் தேநீர்க் கோப்பையை இடக்கையாற் பிடித்தவன் நான். பீற் சம்பிராஸ் சிறுவயதில் இரு கையை விட்டு ஒற்றைக் கைக்கு மாறிப் பெரும்புகழ் பெற்றார் என்று எதிர்வாதம் சொல்வார்கள். சம்பிராஸ் ஒருவர்தான். ஆயினும் எட்டாத தூரத்துப் பந்துக்கு ஒரு கையே நீளும். சீவலுக்கும் ஒரு கையே போதும். ஆகவே இரு கையாளரும் ஒற்றைக் கையை ஓரளவு கற்றே ஆகவேண்டும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் வந்தது. எங்கள் கரையில் ஒவ்வோர் ஊரும் எவ்வளவு இழந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. வாசிப்போர் பலர் தாமே இழந்தவர்கள். மருதமுனையில் கடலோரத்து வீடுகளோடு தறிகளும் போயின. ஓர் பாடசாலையில் இடம்பெயர்ந்தோரின் பெயர்களைப் பதியும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்றாம் நாள், தலை நிமிராமல், அடுத்து நின்றவரிடம் பெயரைக் கேட்டேன். சொன்னார். எழுதினேன். எழுதி முடித்தபின்னரே கை நின்றது.

நான்கு தறிகளையும் மூத்த சகோதரியையும் இழந்திருந்தார். அந்த இடத்தில், அந்த நாளில், ஒரு ரெனிஸ் பந்தைப் பற்றிப் பேசுவது எத்தனை பொருந்தாதது என்பதை நான் அறியாமலில்லை. மாலையில் அவரைத் தேடிப் போனேன். வகுப்பறை வாசற்படியில் இருந்தார். ஆறுதல் சொல்லச் சென்றவன், சொல்ல ஒன்றும் இல்லாமல், சொல்லக் கூடியதாக என்னிடம் இருந்த ஒன்றைச் சொல்லிவிட்டேன். நடுவை விட்டது நீ அல்ல, நான் தரைக்கு வெளியே நின்றேன் என்றேன்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதையாடா நாப்பது வரிசமா மனசில வெச்சிரிக்காய், மச்சான்?”

“நீ மறந்துவிட்டாயா?”

“எப்பிடி மறக்கிற? நீ ஓடத் துவங்கினத்த நான் கண்டன். நான் நடுவுக்கு வந்திரிக்கலாம். வரல்ல. கடைசியில திரும்பிப் புறங்கையால அடிப்பாய் எண்டு நம்பி நிண்டுட்டன்.”

பிறகு, பிள்ளைகளுக்குப் பால்மா எப்போது வரும் என்று கேட்டார். நான் போய் விசாரித்து வந்தேன்.

அவர் பின்னர் இரண்டு தறிகளை மறுபடியும் நிறுத்தினார். இப்போது மகன்மார் பார்க்கிறார்கள். ஞாயிறு மாலைகளில் முச்சக்கர வண்டியில் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் போகும் வாரமும் உண்டு. சென்ற ஆண்டு வெளிநாட்டிலிருந்து என் மகளும் பேத்தியும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பெண். அங்கே முறையாக ரெனிஸ் பயில்கிறாள். இரு கைப் புறங்கை. எங்கள் வளவில் நெல் அடுக்கும் அறையின் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள். நண்பரும் நானும் மாமர நிழலில் கதிரை போட்டுப் பார்த்திருந்தோம். நல்ல அடி, குறை சொல்வதற்கு இடமில்லை, எனினும் நான் இரண்டு மூன்று குறைகளைச் சொன்னேன்.

ஒரு பந்து கல்லில் பட்டு விலகி இடப்பக்கம் எட்டாமல் ஓடிற்று. பிள்ளை இடக்கையை விட்டுவிட்டு, வலக்கையை நீட்டி, பந்தின் அடியைச் சீவினாள். அது சுவரில் தாழப்பட்டு அவள் காலடிக்கே உருண்டு வந்தது.

“அம்மப்பா, இது சரியா?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன், “தோளத் திருப்பு மகள், இன்னும் கொஞ்சம்” என்றார் நண்பர்; சொல்லிவிட்டு, தவறிப்போய் வேலியோரம் கிடந்த மற்றப் பந்தை எடுப்பதற்காக எழுந்தார்.